மட், எம்எஸ்எம்டிபி, எம்பிசிங்க்: பாஸ்வேர்ட் வரியை எடுத்துவிட்டு ஓஆத் வைப்பது

டெர்மினலில் மெயில் பார்ப்பவர்களின் செட்டப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எம்பிசிங்க் அல்லது ஆஃப்லைன்ஐமேப் மெயிலை இறக்கி வைக்கும், நாட்மச் தேடித் தரும், மட் காட்டும், எம்எஸ்எம்டிபி அனுப்பும். கன்ஃபிக் ஃபைலை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிட்டால் வருஷக்கணக்கில் அதைத் தொடவே வேண்டியதில்லை. இப்போது தொட வேண்டியிருப்பது அதில் உள்ள பாஸ்வேர்ட் வரிக்காக மட்டும்தான். அதன் இடத்தில் வருவது ஓஆத்: பாஸ்வேர்டைக் கொடுக்காமல், பிரவுசரில் ஒருமுறை சம்மதம் கொடுத்து வாங்கும் டோக்கனைக் காட்டி உள்நுழையும் முறை. மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருக்கலாம்.

கூகுள் 2022 மே 30 அன்று தனிநபர் கணக்குகளில் "லெஸ் செக்யூர் ஆப்ஸ்" வழியை, அதாவது வெறும் பாஸ்வேர்டைக் காட்டி உள்ளே போகும் வழியை, மூடியது. அலுவலக, கல்லூரிக் கணக்குகளுக்கு 2025-ல் மூடியது. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்ற தன் அலுவலக மெயில் சேவையில், மெயிலைப் பெறும் வழிகளான ஐமேப், பாப் இரண்டுக்கும் வெறும் பாஸ்வேர்ட் உள்நுழைவை அணைக்க ஆரம்பித்தது. ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 கடைசி நாள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மெயில் அனுப்பும் வழியான எஸ்எம்டிபி-க்கு மட்டும் கெடு பலமுறை தள்ளிப்போனது. அதனால்தான் சில அலுவலகக் கணக்குகளில் மெயில் வருவது நின்றுபோய், அனுப்புவது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "பாஸ்வேர்ட் சரிதானே, அனுப்ப முடிகிறதே" என்று குழம்ப வேண்டாம். இரண்டும் தனித்தனிக் கதவு.

முதலில்: ஓஆத் உண்மையிலேயே தேவையா?

தனிநபர் ஜிமெயில் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஆப் பாஸ்வேர்ட் (ஒரு புரோகிராமுக்கென்று தனியாக உருவாக்கித் தரும் பாஸ்வேர்ட்) ஒன்று எடுத்தால் போதும். 16 எழுத்து, நான்கு நான்காகப் பிரித்துக் காட்டும். நடுவில் உள்ள இடைவெளி படிக்க வசதிக்காக வைத்தது, கன்ஃபிக்கில் சேர்த்து எழுத வேண்டும். பழைய பாஸ்வேர்ட் இருந்த இடத்தில் இதை வைத்தால் மட், எம்எஸ்எம்டிபி, ஃபெட்ச்மெயில் எல்லாம் முன்பு போலவே ஓடும். யாஹூ, ஐகிளவுட், ஃபாஸ்ட்மெயில், ஸோஹோ ஆகியவற்றிலும் இதே வழி உண்டு.

கவனிக்க வேண்டியவை சில. கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டும் ஒரேயடியாகச் செத்துப்போகும். ஆப் பாஸ்வேர்ட் பக்கமே தென்படவில்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள்: கூகுளின் கூடுதல் பாதுகாப்புத் திட்டமான அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷனில் சேர்ந்திருப்பீர்கள், இரண்டாம் அடுக்கு செக்யூரிட்டி கீ மட்டும் என்று இருக்கும், அல்லது அது அலுவலகக் கணக்காக இருந்து அட்மின் பூட்டியிருப்பார். ஒரே ஆப் பாஸ்வேர்டை எல்லா மெஷினிலும் போடாதீர்கள். மெஷினுக்கு ஒன்று, பெயரோடு எடுத்து வைத்தால் லேப்டாப் தொலைந்தால் அதை மட்டும் நீக்கலாம்.

ஆப் பாஸ்வேர்ட் பாதுகாப்புக் குறைவு என்று வாதிடுபவர்கள் உண்டு. இரண்டாம் அடுக்கைத் தாண்டி முழு மெயில்பெட்டியையும் திறந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஓஆத் வைத்தால் டிஸ்கில் கிடக்கும் நீண்டகால அனுமதியான ரெஃப்ரெஷ் டோக்கனும் அதே முழு மெயில்பெட்டியைத்தான் திறக்கிறது. சொந்தக் கணக்குக்கு ஆப் பாஸ்வேர்ட் கிடைக்கும்போது ஓஆத்தோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை என்பதே என் கருத்து.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஆப் பாஸ்வேர்டும் பேசிக் ஆத் (வெறும் பாஸ்வேர்ட் உள்நுழைவு) கணக்கில்தான் சேரும், அதுவும் போய்விட்டது. கீழே உள்ளது அவர்களுக்கும், அட்மின் பூட்டிய கூகுள் கணக்குக்காரர்களுக்கும்.

உள்ளே நடப்பது

கையில் மூன்று பொருள் இருக்கும். கிளையன்ட் ஐடி: எந்த மென்பொருள் கேட்கிறது என்பதற்கான அடையாளம். ரெஃப்ரெஷ் டோக்கன்: ஒருமுறை பிரவுசரில் "சம்மதம்" கொடுத்தால் கிடைக்கும் நீண்டகால அனுமதி. ஆக்சஸ் டோக்கன்: ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டி வாங்கும் குறுகியகாலச் சீட்டு. கூகுளில் இதன் ஆயுள் 3600 வினாடி. மைக்ரோசாஃப்டில் 60 முதல் 90 நிமிடம்.

மெயில் சர்வருக்குப் போவது ஆக்சஸ் டோக்கன் மட்டும்தான். டோக்கனைச் சர்வருக்குக் காட்டும் எக்ஸ்ஓஆத்2 முறையில் பயனர் முகவரியையும் டோக்கனையும் கன்ட்ரோல்-ஏ எழுத்தால் பிரித்து, கடைசியில் இரண்டு கன்ட்ரோல்-ஏ வைத்து, மொத்தத்தையும் பேஸ்64 ஆக்கி அனுப்புகிறது. ஓஆத்பேரர் என்பது அதே வேலைக்கு 2015-ல் ஆர்எஃப்சி 7628 என்ற இணையத் தர ஆவணமாக வந்த முறையான வடிவம். ஜிமெயில் இரண்டையும் ஏற்கும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஓஆத்2-வை மட்டுமே ஏற்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் இணையத்தில் கிடைத்த ஜிமெயில் கன்ஃபிக்கை அப்படியே அவுட்லுக்குக்கு ஒட்டினால் எவ்வளவு தட்டினாலும் திறக்காது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். டோக்கன் வாங்கும் வேலையை எந்த மெயில் புரோகிராமிடமும் ஒப்படைக்காதீர்கள். ஓடினால் ஒரே வரியில் ஆக்சஸ் டோக்கனை அச்சிடும் ஒரு கமாண்டை மட்டும் தனியாகத் தயார் செய்யுங்கள். மட், எம்எஸ்எம்டிபி, எம்பிசிங்க் எல்லாம் அதையே கூப்பிடட்டும். நாளைக்கு மெயில் கிளையன்ட் மாறினாலும், கம்பெனி மாறினாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான். பிரச்சினை வந்தாலும் அந்தக் கமாண்டைத் தனியே ஓட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அந்தக் கமாண்டாக மட், நியோமட் இரண்டோடும் சேர்ந்தே வரும் 'மட்_ஓஆத்2' என்ற பைத்தான் ஸ்கிரிப்டே போதும். கான்ட்ரிப் ஃபோல்டரில் இருக்கும். அதை உங்கள் கமாண்டுகள் இருக்கும் 'பின்' ஃபோல்டருக்கு நகலெடுத்து, மேல்பகுதியில் ஜிபிஜி (டோக்கன் ஃபைலைக் குறியாக்கம் செய்யும் புரோகிராம்) அடையாளத்தையும் கிளையன்ட் ஐடி, சீக்ரெட்டையும் நிரப்புங்கள். பிறகு டோக்கன் ஃபைலின் பெயரோடு 'ஆத்தரைஸ்' ஆப்ஷன் சேர்த்து ஒருமுறை ஓட்ட வேண்டும். எந்த நிறுவனம், எந்த வழி, எந்த முகவரி என்று கேட்கும். முடிந்ததும் 'டெஸ்ட்' ஆப்ஷனோடு ஓட்டினால் ஐமேப், பாப், எஸ்எம்டிபி மூன்றையும் சோதிக்கும். கணக்கில் பாப் அணைத்திருந்தால் அது மட்டும் தோற்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். டோக்கன் ஃபைலின் பெர்மிஷன் 600-ஐ விடத் தளர்வாக இருந்தால் ஸ்கிரிப்ட் ஓடவே மறுக்கும். ஃபைலை வேறு மெஷினுக்கு நகலெடுத்தபின் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

கூகுள் பக்கம்

கிளவுட் கன்சோலில் புதிய ப்ராஜெக்ட், பிறகு சம்மதத் திரை அமைப்பு, அதில் பயனர் வகை 'எக்ஸ்டர்னல்', பிறகு கிளையன்ட் ஐடி உருவாக்கம். வகை கேட்கும்போது 'டெஸ்க்டாப் ஆப்' என்று எடுங்கள். 'வெப்' என்று எடுத்தால் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் மெஷினையே குறிக்கும்) முகவரியை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யச் சொல்லும். அனுமதி வரம்பாக மெயில் டாட் கூகுள் டாட் காம் முகவரியை, கடைசிச் சாய்கோடு உட்பட, கேட்க வேண்டும். ஜிமெயில் ஏபிஐ-க்கான "படிக்க மட்டும்" போன்ற சிறிய வரம்புகள் ஐமேப்புக்குச் செல்லாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ப்ராஜெக்ட் 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். எல்லாம் அருமையாக ஓடி, சரியாக அடுத்த வாரம் 'இன்வேலிட் கிராண்ட்' என்று நின்றால் காரணம் இதுதான், கன்ஃபிக்கைக் கிளற வேண்டாம். நிலையை 'இன் ப்ரொடக்ஷன்' என்று மாற்றி, மறுபடியும் ஆத்தரைஸ் செய்யுங்கள். "கூகுள் இந்த ஆப்பைச் சரிபார்க்கவில்லை" என்று ஒரு எச்சரிக்கைத் திரை வரும். அது உங்கள் சொந்த ஆப் என்பதால் 'அட்வான்ஸ்டு' அழுத்தித் தாண்டிப் போகலாம். சொந்த உபயோகத்துக்குச் சரிபார்ப்பு விண்ணப்பம் போட வேண்டியதில்லை. இதற்குப் பின்னும் டோக்கன் சாகும் முக்கியமான சந்தர்ப்பங்கள் இரண்டு: 6 மாதம் பயன்படுத்தாமல் விட்டால், கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால்.

பழைய வழிகாட்டிகள் பிரவுசரில் தெரியும் 'கோட்'-ஐ நகலெடுத்து டெர்மினலில் ஒட்டச் சொல்லும். கூகுள் அந்த வழியை 2023 தொடக்கத்தில் முழுக்க நிறுத்திவிட்டது. இப்போது லோக்கல்ஹோஸ்ட் வழிதான்: ஸ்கிரிப்ட் உங்கள் மெஷினில் ஒரு போர்ட்டில் காத்திருக்கும், சம்மதம் கொடுத்ததும் பிரவுசர் அங்கே திரும்பி வரும். மட் ஓடுவது எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகும் தொலைதூர சர்வரில் என்றால் இது உடைந்துபோகும், ஏனென்றால் பிரவுசர் தேடும் லோக்கல்ஹோஸ்ட் உங்கள் லேப்டாப். பிரவுசர் "இணைக்க முடியவில்லை" என்று நிற்கும்போது முகவரிப் பட்டையில் உள்ள முழு முகவரியையும் நகலெடுங்கள். சர்வரில் இன்னொரு டெர்மினலைத் திறந்து கர்ல் கமாண்டுக்கு அதை ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள். ஸ்கிரிப்ட் தேடிய பதில் அதன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மேற்கோளை மறந்தால் முகவரியின் நடுவில் உள்ள ஆம்பர்சண்ட் குறியில் ஷெல் வெட்டிவிடும், முகவரி பாதிதான் போகும்.

மைக்ரோசாஃப்ட் பக்கம்

என்ட்ரா போர்ட்டலில் ஆப் ரெஜிஸ்ட்ரேஷன் செய்து, பிளாட்ஃபார்மாக 'மொபைல் அண்ட் டெஸ்க்டாப்' வைத்து, 'பப்ளிக் கிளையன்ட் ஃப்ளோ' அனுமதியை ஆன் செய்ய வேண்டும். டிவைஸ் கோட் வழி வேண்டுமென்றால் இது கட்டாயம். டிவைஸ் கோட் என்பது டெர்மினலில் ஒரு சிறு கோட் காட்டி, அதை எந்த மெஷினில் உள்ள பிரவுசரிலும் அடிக்கச் சொல்லும் முறை. தொலைதூர சர்வருக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. 15 நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும். சில நிறுவனங்கள் இந்த வழியையே கொள்கையாகத் தடுத்து வைத்திருக்கின்றன. அங்கே லோக்கல்ஹோஸ்ட் வழிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அனுமதிகள் மூன்று: ஐமேப் ஆக்சஸ், எஸ்எம்டிபி சென்ட், ஆஃப்லைன் ஆக்சஸ். மூன்றாவதை விட்டால் ரெஃப்ரெஷ் டோக்கனே வராது, மணிக்கொருமுறை பிரவுசரைத் திறந்துகொண்டிருக்க வேண்டும். குழப்பமே போர்ட்டலில்தான் தொடங்குகிறது. இந்த அனுமதிகளை 'மைக்ரோசாஃப்ட் கிராஃப்' தலைப்பின் கீழ்தான் டிக் செய்ய வேண்டும். ஆனால் டோக்கன் கேட்கும்போது எழுத வேண்டிய வரம்பு முகவரி அவுட்லுக் டாட் ஆஃபீஸ் டாட் காம் என்று தொடங்க வேண்டும். கிராஃப் முகவரியை எழுதினாலும் டோக்கன் கிடைக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும், ஐமேப் சர்வர் மட்டும் ஏற்காது. டோக்கன் வந்தும் உள்ளே விடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

டெனன்ட் (கணக்கு எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்பது) என்ற இடத்தில் தனிநபர் கணக்குக்கு 'கன்ஸ்யூமர்ஸ்', அலுவலகக் கணக்குக்கு நிறுவனத்தின் டெனன்ட் ஐடி அல்லது 'ஆர்கனைசேஷன்ஸ்'. "அட்மின் ஒப்புதல் தேவை" என்று திரை வந்தால் கன்ஃபிக்கில் எதைத் திருத்தியும் பயனில்லை, ஐடி பிரிவில் கேட்டுத்தான் ஆக வேண்டும். தண்டர்பேர்டின் கிளையன்ட் ஐடி அதன் மூலநிரலிலேயே வெளிப்படையாக இருப்பதால் பலர் அதை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் தண்டர்பேர்ட் என்று தெரிவீர்கள், அது உங்கள் அலுவலக விதிக்கு ஒத்து வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு முறையும் புதிய ரெஃப்ரெஷ் டோக்கனையும் சேர்த்துத் தரும், இயல்பான ஆயுள் 90 நாள். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் புதியதைச் சேமிக்க மறந்தால் மூன்று மாதம் கழித்து ஒரு நாள் திடீரென நிற்கும். அதற்குள் ஸ்கிரிப்டில் என்ன எழுதினோம் என்பதே மறந்திருக்கும்.

புரோகிராம்களில் மாற்ற வேண்டியது

மட்: 'ஐமேப்_ஆதென்டிகேட்டர்ஸ்' மதிப்பாக ஓஆத்பேரர், எக்ஸ்ஓஆத்2 இரண்டையும் முக்காற்புள்ளியால் பிரித்து வையுங்கள். 'ஐமேப்_ஓஆத்_ரெஃப்ரெஷ்_கமாண்ட்' மதிப்பாக டோக்கன் கமாண்ட். எஸ்எம்டிபி-க்கும் இதே இணை. பழைய 'ஐமேப்_பாஸ்' வரியை அழித்துவிடுங்கள்.

எம்எஸ்எம்டிபி: 'ஆத்' வரியில் எக்ஸ்ஓஆத்2 அல்லது ஓஆத்பேரர், 'பாஸ்வேர்ட்இவால்' வரியில் டோக்கன் கமாண்ட். மைக்ரோசாஃப்டின் டோக்கன் மிக நீளம், ஆயிரக்கணக்கில் எழுத்துகள் வரும். பழைய எம்எஸ்எம்டிபி அந்த நீளத்தைத் தாங்காது, பதிப்பைப் புதுப்பியுங்கள். டெபியன், உபுன்டுவில் இன்னொரு தலைவலி ஆப்ஆர்மர், ஒரு புரோகிராம் எதையெல்லாம் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்பு. நிறுவும்போது அதற்கு "ஆம்" சொல்லியிருந்தால், பாஸ்வேர்ட்இவாலில் நீங்கள் வைத்த சொந்த ஸ்கிரிப்டை எம்எஸ்எம்டிபி ஓட்டவிடாது. டெர்மினலில் தனியே ஓடும் கமாண்ட், எம்எஸ்எம்டிபிக்குள் மட்டும் 'பெர்மிஷன் டினைடு' என்று சொன்னால் ஃபைல் பெர்மிஷனைத் துழாவாதீர்கள். எம்எஸ்எம்டிபி பேக்கேஜை டிபிகேஜி-ரீகான்ஃபிகர் செய்து ஆப்ஆர்மரை அணையுங்கள், அல்லது அதன் லோக்கல் விதி ஃபைலில் உங்கள் ஸ்கிரிப்டை அனுமதியுங்கள்.

போர்ட் விஷயமும் இங்கேதான் இடறும். 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாக இணைந்து, பிறகு குறியாக்கத்துக்கு மாறுவது) ஆன், 465 என்றால் ஆஃப். 465-ல் ஆன் வைத்தால் எந்தப் பிழையும் வராமல் அப்படியே தொங்கும், ஏனென்றால் கிளையன்ட் சர்வரின் வரவேற்பு வரிக்காகக் காத்திருக்கிறது, சர்வர் டிஎல்எஸ் கைகுலுக்கலுக்காகக் காத்திருக்கிறது.

எம்பிசிங்க்: 'ஆத்மெக்ஸ்' வரியில் எக்ஸ்ஓஆத்2, 'பாஸ்கமாண்ட்' வரியில் டோக்கன் கமாண்ட். கன்ஃபிக் இவ்வளவுதான், ஆனால் பெரும்பாலோருக்கு முதல் ஓட்டத்திலேயே "தேர்ந்தெடுத்த சாஸ்ல் முறை இல்லை" என்ற பிழை வரும். எம்பிசிங்க் தானாக எக்ஸ்ஓஆத்2 பேசாது, உள்நுழைவு முறைகளைத் தரும் சைரஸ் சாஸ்ல் நூலகத்திடம் கேட்கும், அந்த நூலகத்தில் எக்ஸ்ஓஆத்2 பிளக்இன் இயல்பாக இருக்காது. டெபியன் வகையில் கேடிஇ-எக்ஸ்ஓஆத்2 என்ற பெயர் கொண்ட சாஸ்ல் மாட்யூல் பேக்கேஜை நிறுவினால் சரியாகும். மற்ற லினக்ஸ்களில் சைரஸ்-சாஸ்ல்-எக்ஸ்ஓஆத்2 என்று தேடுங்கள். பிழை வரியின் கடைசியில் 'அவெய்லபிள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். பிளக்இன் ஏறிவிட்டதா என்பதை அதைப் பார்த்தே உறுதி செய்யலாம். பதிப்பை உயர்த்தும்போது இன்னொன்று: 1.4 முதல் கன்ஃபிக்கில் மாஸ்டர், ஸ்லேவ் என்ற சொற்கள் ஃபார், நியர் ஆகின.

ஆஃப்லைன்ஐமேப்புக்கு கிளையன்ட் ஐடி, சீக்ரெட், ரெஃப்ரெஷ் டோக்கன் மூன்றையும் நேரடியாகக் கொடுக்கும் வரிகள் உண்டு. பைத்தான் 3-க்கான ஆஃப்லைன்ஐமேப்3-ஐயே பயன்படுத்துங்கள்.

ஃபெட்ச்மெயிலின் 6.4 வரிசைக்கு ஓஆத் தெரியாது. அதுபோல் தெரியாத எல்லாவற்றுக்கும் 'இமெயில் ஓஆத்2 ப்ராக்ஸி' என்ற சிறு பைத்தான் புரோகிராம் இருக்கிறது. அது லோக்கல்ஹோஸ்டில் பழைய பாணி லாகினை வாங்கிக்கொண்டு, மறுபுறம் சர்வரிடம் ஓஆத் பேசும். கிளையன்டில் நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்ட் உங்கள் உண்மையான கணக்குப் பாஸ்வேர்ட் அல்ல, டோக்கனை டிஸ்கில் குறியாக்கம் செய்ய மட்டும் அது பயன்படும். எதை வேண்டுமானாலும் வைக்கலாம், எல்லாக் கிளையன்டிலும் ஒன்றாக இருந்தால் சரி. லோக்கல்ஹோஸ்ட் வரை டிஎல்எஸ் கிடையாது என்பதால் இதை மட்டோடு சேர்க்கும்போது 'எஸ்எஸ்எல்_ஃபோர்ஸ்_டிஎல்எஸ்' அணைக்க வேண்டும். மட் 2.0 முதல் அது இயல்பாகவே ஆன். எம்எஸ்எம்டிபியில் 'ஆத் ஆன்' என்று பொதுவாக விடாமல் 'ஆத் பிளெயின்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ப்ராக்ஸி லூப்பேக் முகவரியில் (உங்கள் மெஷினுக்குள் மட்டும் செல்லும் முகவரி) மட்டுமே இணைப்புக்குக் காத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

க்ரானில் வைத்தால்

டெர்மினலில் ஓடுவது, குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் க்ரானில் ஓடாததற்குக் காரணம் அநேகமாக ஜிபிஜி. டோக்கன் ஃபைலைத் திறக்க பாஸ்ஃப்ரேஸ் வேண்டும், ஜிபிஜி ஏஜென்ட் அதை இயல்பாக 600 வினாடிதான் நினைவில் வைக்கும், எவ்வளவு பயன்படுத்தினாலும் உச்சம் 7200 வினாடி. அதற்குப் பின் க்ரான் ஓடினால் பாஸ்ஃப்ரேஸ் கேட்கத் திரை இல்லை, 'இன்அப்ரோப்ரியேட் ஐஆக்டில்' என்று ஒரு விநோதமான பிழையோடு முடியும். இரண்டு கால அளவையும் ஏஜென்ட் கன்ஃபிக்கில் 86400 ஆக்கினால் காலையில் ஒருமுறை திறந்தால் நாள் முழுக்க ஓடும். டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்த தனிப்பட்ட லேப்டாப்பில் ஜிபிஜி இல்லாமல் 600 பெர்மிஷனோடு வெறும் ஃபைலாக வைப்பதும் நியாயமான சமரசம்தான். பலர் உள்நுழையும் பொது சர்வரில் அப்படிச் செய்யாதீர்கள்.

ஒரே டோக்கன் ஃபைலை எழுதும் பல வேலைகள் ஒரே நிமிடத்தில் தொடங்கினால் ஒன்று எழுதும்போது இன்னொன்று படிக்கும். டோக்கன் கமாண்டை, ஃபைலைப் பூட்டும் 'ஃப்ளாக்' என்ற கமாண்டால் சுற்றிவிட்டால் வரிசையில் வரும்.

எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க

கீழிருந்து மேலே போங்கள். டோக்கன் கமாண்டைத் தனியே ஓட்டுங்கள். 'இன்வேலிட் கிராண்ட்' என்றால் ரெஃப்ரெஷ் டோக்கன் செத்தது, ஆத்தரைஸ் மறுபடியும். டோக்கன் வருகிறதென்றால் ஓபன்எஸ்எஸ்எல்-இன் எஸ்_கிளையன்ட் மூலம் 993 போர்ட்டில் சர்வரோடு இணைந்து 'கேப்பபிலிட்டி' என்று கேளுங்கள். எக்ஸ்ஓஆத்2 பட்டியலில் இருக்கிறதா என்பது தெரியும், டிஎல்எஸ் பிரச்சினையும் இங்கேயே பிடிபடும். மிகப் பழைய டிஸ்ட்ரோவில் டிஎல்எஸ் 1.0 மட்டுமே தெரிந்த நூலகம் இருந்தால் பாஸ்வேர்ட் வரை பேச்சே போகாது.

அதற்கு மேல் கிளையன்டின் டீபக் வெளியீடு. உள்நுழைவு தோற்கும்போது ஜிமெயில் முதலில் பிளஸ் குறியோடு ஒரு பேஸ்64 வரியை அனுப்பும். அதை டீகோட் செய்தால் உள்ளே ஜேசன், அதில் 400 அல்லது 401 என்று நிலை எண் இருக்கும். கையால் சோதிக்கும்போது அந்த இடத்தில் ஒரு வெற்று வரி அனுப்பினால்தான் சர்வர் 'நோ' என்று பேச்சை முடிக்கும். அதுவரை தொங்கிக்கொண்டே இருப்பது போலத் தெரியும்.

எஸ்எம்டிபி பிழை எண்களில் மூன்று அடிக்கடி வருபவை. ஜிமெயிலின் 534 5.7.9: ஆப் பாஸ்வேர்ட் வைக்க வேண்டிய இடத்தில் சாதாரணப் பாஸ்வேர்ட் இருக்கிறது. ஜிமெயிலின் 535 5.7.8: பயனர்பெயர் அல்லது பாஸ்வேர்ட் தவறு, ஆப் பாஸ்வேர்ட் நீக்கப்பட்டிருந்தாலும் இதுதான். மைக்ரோசாஃப்டின் 535 5.7.139: பெரும்பாலும் அந்த மெயில்பெட்டிக்கோ மொத்த நிறுவனத்துக்கோ எஸ்எம்டிபி ஆத் அணைந்திருக்கிறது, டோக்கன் சரியாக இருந்தாலும் போகாது, அட்மின்தான் ஆன் செய்ய வேண்டும். ஐமேப்பில் "ஆதென்டிகேட் ஆனார், ஆனால் இணைக்கப்படவில்லை" என்று மைக்ரோசாஃப்ட் சொன்னால், டோக்கன் வாங்கிய முகவரியும் கன்ஃபிக்கில் உள்ள பயனர் முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாற்றுப்பெயர் முகவரியை வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். உள்நுழைவுக்கு முதன்மை முகவரி, அனுப்புநர் வரியில் மட்டும் மாற்றுப்பெயர் என்று பிரித்து எழுதிவிட்டால் தீர்ந்துவிடும்.